கழிவுக் குழாய் அடைத்தால் யார் பொறுப்பு?



இந்தப் பக்கத்தில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை தலைப்பைப் பார்த்துவிட்டு, டாக்டர் பிளம்பர் வேலை பழகப் போய்விட்டாரோ என்று நினைக்க வேண்டாம். காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் மூன்று வயது மகனை வயிற்றோட்டத்துடன் என்னிடம் கொண்டு வந்தார். (தமிழ்நாட்டு வாசகர்கள் வயிற்றுப்போக்கு என்பீர்கள்.) ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து அனுப்பினேன், மூன்று நாளில் சுகம். இரண்டு கிழமை கழித்து மறுபடியும் அதே பிள்ளை. அடுத்த முறை மூத்த மகளும் கூட வந்தாள். சாப்பாடு, குடிதண்ணீர், பள்ளிக்கூடம், வெளிக்கடை என்று எல்லாம் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து போகும்போதுதான் அந்தத் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டாக்டர், பாத்ரூம் தரையிலே கழிவுத் தண்ணி மேலே வருது. அதனாலயும் இப்படி வருமா?"

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஐந்து கிழமையாம்.

துபாயில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தள வீடு அது. மேல்மாடியில் யாராவது ஃபிளஷ் செய்தால் இவர்கள் குளியலறைத் தரை வடிகாலில் கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு வரும். தாய் துடைப்பார். பிள்ளை அந்தத் தரையில் தவழ்ந்து விளையாடிவிட்டு அதே கையால் பிஸ்கட் சாப்பிடும். நாத்தூரிடம் சொன்னால் "பிளம்பருக்கு 300 திர்ஹம் கொடுங்கள்" என்கிறார். கட்டட அலுவலகத்தில் "நீங்கள் சோற்றையும் எண்ணெயையும் கொட்டுகிறீர்கள், உங்கள் குற்றம்" என்கிறார்கள். கணவரோ, வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்தில் வாயைத் திறந்தால் வாடகையைக் கூட்டிவிடுவார்கள் என்று பேசாமல் இருக்கிறார். 300 திர்ஹம் யார் தருவது என்ற இழுபறியில் ஐந்து கிழமை போய்விட்டது. அதற்குள் மருந்துக்கும் வைத்தியருக்கும் அவர்கள் செலவழித்தது அதைவிட எவ்வளவோ அதிகம்.

அந்தக் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் இளவயதில் அகதி முகாமில் இருந்தவன். நூற்றுக்கணக்கானோருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மலசலகூடங்கள், அவற்றிலும் பாதி அடைத்திருக்கும். முறையிட்டால் பெயரைக் குறித்துக்கொள்வார்களோ என்று பெரியவர்கள் பயந்து பேசாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்துகொண்டே இருந்தது. இடம் கொடுத்தவனிடம் வாய் திறக்கக் கூடாது என்ற அந்தப் பழக்கம், மாதாமாதம் வாடகை கட்டும் வீட்டிலும் நம்மை விடுவதில்லை.

அடைப்பு எங்கே என்பதே முதற் கேள்வி

யார் பொறுப்பு என்ற சண்டைக்கு முன், அடைப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அடுக்குமாடி வீட்டில் குசினித் தொட்டி, கைகழுவும் பேசின், குளியல், கழிப்பறை ஒவ்வொன்றிலிருந்தும் சிறு குழாய்கள் போகின்றன. அவை கட்டடத்தின் உள்ளே மேலிருந்து கீழாக இறங்கும் பொதுக் குழாயில் சேரும். பொதுக் குழாய் தரையில் மேன்ஹோலுக்குப் போய், அங்கிருந்து நகரசபையின் கழிவு வாய்க்காலுக்கோ, வாய்க்கால் இல்லாத இடங்களில் நிலத்தடித் தொட்டிக்கோ போகும்.

இனி வீட்டில் பாருங்கள். குசினித் தொட்டி மட்டும் மெதுவாக வடிந்து மற்ற எல்லாம் சரியாக இருந்தால், அடைப்பு உங்கள் சிறு குழாயில். அநேகமாக அது நம்முடைய கைவேலைதான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் நின்றால், அடைப்பு பொதுக் குழாய்க்கு அருகில் இருக்கக்கூடும். நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீரும் பாவிக்காத நேரத்தில் தரை வடிகாலில் தண்ணீர் மேலே வந்தால் சந்தேகமே வேண்டாம், அது மற்ற வீடுகளின் தண்ணீர். அடைப்பு உங்களுக்குக் கீழே பொதுக் குழாயிலோ மேன்ஹோலிலோ இருக்கிறது. தரைத்தளத்தில் இருப்பவர்களே இதில் முதலில் அகப்படுவார்கள், ஏனென்றால் திரும்பி வரும் தண்ணீருக்கு மிகத் தாழ்ந்த வாசல் அவர்கள் வீட்டில்தான். பத்து வீட்டுச் சோறும் எண்ணெயும் சேர்ந்து அடைத்ததற்குத் தரைத்தளத்துக்காரரைக் குற்றம் சொல்வது எந்த நியாயத்திலும் சேராது. தெரு மேன்ஹோலே நிரம்பி வழிந்தால் அது நகரசபையின் வேலை. துபாய் நகரசபைக்கு 800900, ஷார்ஜா நகரசபைக்கு 993 என்ற எண்ணில் அழைக்கலாம்.

நம் குற்றத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடை பொரித்த எண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஏசி வீட்டுக் குழாயில் இறுகி மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் படிந்தால் ஆறு மாதத்தில் குழாய் பாதியாகிவிடும். ஈரத் துடைப்பான்களின் உறையில் ஃபிளஷ் செய்யலாம் என்று அச்சிட்டிருந்தாலும் அவை குழாயில் கரைவதில்லை. புழுதிக்காற்று அடித்த மறுநாள் வீட்டுக்குள் வந்த மணலைக் கூட்டி அள்ளாமல் தண்ணீர் ஊற்றித் தரை வடிகாலில் தள்ளுகிறோமே, அது வளைகுடாவுக்கே உரிய அடைப்பு. எண்ணெயைப் பழைய போத்தலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள், தொட்டியில் ஒரு சல்லடை வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

துபாயில் வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் உறவை 2007ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. 2008இல் 33ஆம் இலக்கச் சட்டம் அதில் சில பகுதிகளைத் திருத்தியது. இதன் 16ஆம் பிரிவு நமக்கு முக்கியம். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, ஒப்பந்தக் காலத்தில் வீட்டின் பராமரிப்பும், வாடகைக்காரர் வீட்டைப் பயன்படுத்துவதைப் பாதிக்கும் பழுதுகளைத் திருத்துவதும் உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அது. 19ஆம் பிரிவு வாடகைக்காரரும் வீட்டைச் சாதாரணமாக ஒருவர் தன் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே நாம் அடைத்ததை நாம் திறக்க வேண்டும், பொதுக் குழாயை உரிமையாளர் திறக்க வேண்டும்.

ஆனால் "வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி" என்ற அந்தச் சிறு தொடரில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எத்தனையோ ஒப்பந்தங்களின் பின்பக்கத்தில், சிறு பராமரிப்பு வாடகைக்காரருக்கு, பெரியது உரிமையாளருக்கு என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் 500 திர்ஹம் அல்லது 1000 திர்ஹம் வரை வாடகைக்காரர் என்று தொகையும் போட்டிருக்கும். அது சட்டத்தில் உள்ள தொகை அல்ல, நீங்கள் கையெழுத்திட்ட தொகை. 300 திர்ஹம் பிளம்பர் செலவு அதற்குள் அடங்கிவிடும். கையெழுத்திடும் முன் "பொதுக் கழிவுக் குழாய், மேன்ஹோல், தொட்டி இறைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

முறையிட்டால் வெளியேற்றிவிடுவார்களா? துபாயில் ஒப்பந்தம் முடியும்போது வெளியேற்றுவதற்குச் சட்டம் குறிப்பிட்ட காரணங்களையே ஏற்கிறது. அதற்கும் 12 மாத அறிவித்தல், நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ தரவேண்டும். அடைப்பு பற்றி முறையிட்டது அந்தக் காரணங்களில் இல்லை. வாடகையைக் கூட்டவும் 90 நாள் அறிவித்தல் வேண்டும், எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் அரசு வரம்பு உண்டு. ஆனால் ஒன்று: கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள், செக்கைத் திரும்ப விடாதீர்கள். அறிவித்தல் தந்து 30 நாளில் வாடகை கட்டாதவரை வெளியேற்றக் கேட்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு அவர் பக்கம் போய்விடும்.

வழக்கு என்று வந்தால் துபாயில் 2013ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க ஆணையால் அமைந்த வாடகைத் தகராறு மையம் இருக்கிறது. கட்டணம் பொதுவாக வருட வாடகையின் 3.5 சதவீதம், குறைந்தது 500 திர்ஹம். இதைப் பார்த்தால் 300 திர்ஹம் அடைப்புக்காக யாரும் போகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் எழுத்தில் முறையிடுவது முக்கியம். தேதியுடன் படம், தண்ணீர் மேலே வரும் சிறு வீடியோ, மின்னஞ்சல். எல்லாவற்றையும்விட, பிளம்பர் திறந்தபின் "அடைப்பு இருந்த இடம் பொதுக் குழாய்" என்று அவர் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பெரும்பாலான அலுவலகங்கள் மேலே பேசமாட்டா.

அபுதாபிக்கு 2006ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும், ஷார்ஜாவுக்கு 2024இல் வந்த புதிய வாடகைச் சட்டமும் உள்ளன. கத்தாரில் 2008இலும் பஹ்ரைனில் 2014இலும் வாடகைச் சட்டங்கள் வந்தன. விவரங்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே உங்கள் ஒப்பந்தத்தையும் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்க்காமல் துபாய்க் கணக்கை அங்கே போடவேண்டாம்.

காகிதம் இல்லாதவர்கள்

மேலே சொன்னதெல்லாம் தன் பெயரில் ஒப்பந்தமும், துபாயில் என்றால் இஜாரிப் பதிவும் உள்ளவர்களுக்கு. ஒரு வில்லாவைப் பலகையால் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பமாக இருப்பவர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய நிலத்தடித் தொட்டியை இருபது பேர் பாவித்தால் அது சீக்கிரம் நிரம்பத்தான் செய்யும். டேங்கர் வந்து இறைக்காவிட்டால் முற்றத்தில் வழியும். டேங்கரும் எப்போதும் ஒழுங்காக வந்ததில்லை. 2008இல் துபாயின் அல் அவீர் சுத்திகரிப்பு நிலையத்தில் டேங்கர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க, சில சாரதிகள் மழைநீர் வடிகாலில் கொட்டிவிட்டுப் போய், ஜுமைரா கடற்கரை வரை கழிவு வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அறையில் இருப்பவருக்குத் தன் பெயரில் காகிதம் இல்லை. தகராறு மையத்தில் அவர் நிற்பது கடினம். நகரசபைக்குச் சொல்லலாம், ஆனால் பரிசோதனைக்கு வருபவர்கள் பலகைத் தடுப்பையும் பார்ப்பார்கள். 2025 ஜூனில் துபாயில் தேரா, சத்வா, பர்ஷா பக்கங்களில் இத்தகைய தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். இதைச் சொல்லாமல் "உடனே முறையிடுங்கள்" என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. என் அபிப்பிராயம்: உங்களிடம் மாத வாடகை வாங்குபவரே உங்களுக்கு உரிமையாளர். டேங்கர் செலவு அவருடையது. அவர் இழுத்தடித்தால் அறைக்காரர்கள் சேர்ந்து காசு போட்டு அன்றே இறைத்துவிடுங்கள், கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

உடம்புக்கு என்ன செய்கிறது

கழிவுநீரில் ஷிகெல்லா, சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள், ரோட்டா, நோரோ வைரஸ்கள், ஜியார்டியா எல்லாம் இருக்கலாம். வாய்க்குள் போவது கையால்தான். இவற்றோடு ஹெப்பற்றைற்றிஸ் ஏ என்ற மஞ்சட்காமாலை வைரஸும் உண்டு. இது உள்ளே போய் 15 முதல் 50 நாட்களுக்குப் பிறகே நோயாக வெளிப்படும். குழாயைத் திருத்தி, வீட்டைக் கழுவி, எல்லாம் மறந்த ஒரு மாதத்தின்பின் பசியின்மை, வாந்தி, கடும் மஞ்சள் சிறுநீர் என்று வந்தால், அந்த அடைப்பைப் பற்றி வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகாமலே இது வந்து போகலாம், ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பரப்பிவிடும். தடுப்பூசி இருக்கிறது, விசாரியுங்கள்.

வயிற்றோட்டத்தில் பிள்ளையின் கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

இன்னொரு ஆபத்தைப் பலர் நினைப்பதில்லை. இங்கே கட்டடங்களில் குடிநீர் முதலில் நிலத்தடித் தொட்டிக்கு வந்து பிறகு கூரைத் தொட்டிக்கு ஏறுகிறது. மேன்ஹோல் வழிந்து அந்த நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்தால் எல்லா வீட்டுக் குழாயிலும் அது வரும். 2024 ஏப்ரல் 16இல், 1949இல் பதிவு தொடங்கியபின் காணாத மழை பெய்து, ஷார்ஜாவிலும் துபாயின் சில பகுதிகளிலும் கழிவு கலந்த வெள்ளம் நாட்கணக்கில் நின்றபோது இந்தப் பயம் எங்கும் இருந்தது. அப்படியான நேரத்தில் பல் துலக்கவும் போத்தல் தண்ணீரே பாவியுங்கள். தொட்டியைக் கழுவிப் பரிசோதித்த சான்றைக் கட்டட அலுவலகத்திடம் கேளுங்கள்.

தரையில் கழிவுநீர் வந்த அன்று பிள்ளைகளை அந்த அறைக்கு விடாதீர்கள். கையுறை போட்டு முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு பத்து லீற்றர் வாளிக்கு அரைக் கோப்பை கிளோரக்ஸ் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள். குளியலறையில் இருந்த பல் தூரிகைகளை எறிந்துவிடுங்கள்.

கிளோரக்ஸையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலை எரிக்கும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் குருணை காஸ்டிக் சோடா. கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியே திரும்பி வந்து மறுபடியும் எரிக்கும். குழாயில் எதையாவது ஊற்றியிருந்தால் பிளம்பரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பாவம், முகத்தில் வாங்குவது அவர்தான்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைட் வாயுவினுடையது. வீட்டில் வரும் அளவில் தலையிடி, குமட்டல், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரும். ஆனால் மேன்ஹோலுக்குள் அதன் அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற் போய், சில நிமிடத்தில் ஆள் விழுந்துவிடுவார். செலவை மிச்சம்பிடிக்க நாத்தூரையோ தெரிந்த பையனையோ உள்ளே இறக்க யாராவது முயன்றால் தடுத்துவிடுங்கள்.

சிலர் என்னிடம் "கழிவுநீரால்தான் நோய் வந்தது என்று ஒரு சான்றிதழ் எழுதித் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். மலப் பரிசோதனையில் கிருமியின் பெயர் தெரியும், அது எந்தக் குழாயால் வந்தது என்று தெரியாது. பிள்ளைக்கு என்ன நோய், எந்தத் தேதியில், எத்தனை முறை என்று எழுதித் தருவேன். வீட்டில் கழிவுநீர் வந்ததாகத் தாய் கூறினார் என்றும் எழுதுவேன். அதற்குமேல் எழுதினால் அது நிற்காது.

முதலில் சொன்ன குடும்பம் அந்த 300 திர்ஹமைத் தாங்களே கொடுத்துத் திறந்தார்கள். அடைப்பு பொதுக் குழாயில், முதல்மாடிக்குக் கீழே. ஈரத் துடைப்பான்களும், கட்டும்போது விழுந்து இறுகிய சீமெந்துக் கட்டியும். பிளம்பர் பில்லில் எழுதிக் கொடுத்ததை மின்னஞ்சலில் அனுப்பினார்கள், அடுத்த மாதம் பணம் திரும்பி வந்தது. வாடகை கூடவில்லை.

ஊருக்குப் போகுமுன்

ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருபவர்கள் கதவைத் திறந்ததும் நாற்றம் என்று கட்டட அலுவலகத்துடன் சண்டைக்குப் போவதுண்டு. பல வேளைகளில் அது அடைப்பே அல்ல. ஒவ்வொரு வடிகாலின் கீழும் குழாய் வளைந்திருக்கும், அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. வெயிலிலும் ஏசி வறட்சியிலும் அது காய்ந்துவிடும். 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோருக்குப் பரவி 42 பேர் இறந்தார்கள். குளியலறைத் தரை வடிகால்களின் வளைவு காய்ந்திருந்ததும், காற்றை இழுக்கும் மின்விசிறி கழிவுக் குழாயிலிருந்த துளிகளை வீட்டுக்குள் இழுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கண்டது.

இந்த வளைவைப் பார்த்துக்கொள்வது எந்த ஒப்பந்தத்திலும் எழுதாத, முழுக்க முழுக்க நம்முடைய வேலை. புறப்படும் அன்று எல்லாத் தரை வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. (எண்ணெய் ஊற்றாதே என்று மேலே சொன்னவர்தானே என்று கேட்காதீர்கள், இது இரண்டு கரண்டிதான்.) வடிகாலை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிடுங்கள். நீண்ட நாள் போவதென்றால் சாவியை நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள்.